முதல் அத்தியாயத்தில் மாட்டுக்கு என்ன வேலை?

மிகுபுனைவு நாவல் எழுதிப் பதிப்பகத்துக்கு அனுப்பப் போகிறீர்களா? வசந்தம் ஒளிவழிக்கு நாடகம் எழுதவோ, கணினி விளையாட்டு நிறுவனத்தில் கதைப் பிரிவில் சேரவோ மாதிரிப் பக்கங்கள் தயாரிக்கிறீர்களா? அந்தப் பக்கங்களின் தொடக்கத்தில் ஒரு விலங்கு இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக இருக்கும். அநேகமாக அது காகம், இல்லையென்றால் ஓநாய். வானம் இருண்டிருக்கும். நாயகன் மனத்தில் ‘இனம் புரியாத அச்சம்’ படரும். படிக்கிற பதிப்பாசிரியர் அந்த இடத்தில் கோப்பை மூடிவிட மாட்டார். ஆனால் அதுவரை வரிவரியாகப் படித்தவர் அங்கிருந்து பத்தி பத்தியாகத் தாண்ட ஆரம்பிப்பார். மீதியை அரைக் கவனத்தோடுதான் படிப்பார்.

விலங்கை வைத்துப் பின்னால் வருவதை முன்கூட்டிச் சொல்வது பழைய வித்தை. அதில் குறையில்லை. குறை, சகுனம் சொல்வதைத் தவிர அந்த விலங்குக்கு வேறு வேலை கொடுக்காமல் விடுவதில் இருக்கிறது. முதல் அத்தியாயத்தில் வருகிற விலங்கு யாருடைய பிழைப்பிலாவது குறுக்கிட வேண்டும்: வழியை மறிக்கட்டும், விலையைக் குறைக்கட்டும், வேலையைக் கெடுக்கட்டும். சகுனம் அதன் முதுகில் சத்தமில்லாமல் ஏறி வரட்டும்.

இந்த ஊர்க் கதையே இப்படித்தான்

உதாரணத்துக்கு வெளியூர் போகவேண்டியதில்லை. சிங்கப்பூரின் கதையே விலங்கோடுதான் தொடங்குகிறது. பழைய மலாய் வரலாற்று நூலான ‘செஜாரா மெலாயு’வைப் பள்ளிப் பாடத்தில் துண்டாகக் கேட்டவர்கள் ஏராளம், முழுதாகப் படித்தவர்கள் குறைவு. ஜான் லேடனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1821இல் அச்சானது. 2001இல் மூல நூல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. மிகுபுனைவு எழுதுகிறவர் கையில் இருக்கவேண்டிய புத்தகம். அரிசி பொன்னாக விளைகிறது. வெள்ளை மாடு வாயிலிருந்து நுரை தள்ள, அந்த நுரையிலிருந்து ஒரு மனிதன் வெளிவந்து அரசனைப் போற்றிப் பாடுகிறான். இதற்குமேல் என்ன வேண்டும்?

அதில் வரும் சங் நீல உத்தமன் கதையைத் தொழில் கண்ணோடு பாருங்கள். வேட்டைக்குப் போன இளவரசன் உயரமான பாறை ஒன்றில் ஏறுகிறான். அக்கரையில் துணி விரித்தாற்போல வெள்ளை மணல் தெரிகிறது. கப்பலேறுகிறான். புயல் அடிக்கிறது, கப்பலுக்குள் தண்ணீர் ஏறுகிறது. சாமான்களையெல்லாம் கடலில் எறிந்தும் போதாமல் கடைசியில் மணிமுடியையும் எறிகிறான். கரையிறங்கியபின் அந்த விலங்கு கண்ணில் படுகிறது: செந்நிற உடல், கறுத்த தலை, வெள்ளை மார்பு, கிடா ஆட்டைவிடச் சற்றே பெரிய உருவம், நல்ல வேகம். இது என்ன என்று கேட்டால் கூட வந்தவர்கள் விழிக்கிறார்கள். பழங்காலத்துச் சிங்கத்தைப் பற்றி இப்படித்தான் கேள்விப்பட்டிருக்கிறேன் என்கிறார் அவர்களில் ஒருவரான டெமாங் லெபார் டாவுன். அங்கேயே குடியேறுவது என்று முடிவாகிறது. வழக்கமாகச் சொல்லப்படும் ஆண்டு 1299.

இதில் எடுத்துக்கொள்ளவேண்டியது அந்த வர்ணனை. நிறம், அளவு, வேகம் எல்லாம் கணக்காக இருக்கின்றன; பெயர் மட்டும் தெரியவில்லை. அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. ‘கம்பீரமான சிங்கம் ஒன்று நின்றது’ என்று எழுதியிருந்தால் கதை அங்கேயே சுவர்ப்படமாகியிருக்கும். எடுத்துக்கொள்ளக் கூடாதது, விலங்கைப் பார்த்த மறுவரியிலேயே பொருள் சொல்லிவிடும் அவசரம். அரசவையில் சொன்ன கதைக்கு அது சரி. நாவலில் அந்த அவசரம் கூடாது. என்னைக் கேட்டால், இந்தக் கதையில் உண்மையான முன்னறிகுறி சிங்கத்திடம் இல்லை, கடலுக்குள் போன மணிமுடியில் இருக்கிறது. முடியில்லாத அரசனாக ஒருவன் கரையிறங்குகிறான் என்பதைப் பற்றி நூல் அந்த இடத்தில் வாய் திறப்பதில்லை. உங்கள் நாவலுக்கு வேண்டியது அந்த மௌனம்.

அதே நூலில் இன்னும் நல்ல பாடம் தோடாக் மீன் கதை. பாசாயிலிருந்து வந்த துன் ஜனா காத்திப் என்பவரை அரசன் கொல்லச் செய்கிறான். கொஞ்ச நாளில், வாள்போல மூக்கு நீண்ட மீன்கள் கரைமேல் பாய்ந்து ஆட்களைக் குத்துகின்றன. கால்களையே அரணாக்கிக் கரையில் வரிசையாக நிற்கும்படி அரசன் ஆணையிட, பிணங்கள் குவிகின்றன. ஒரு சிறுவன் வாழைத்தண்டை அடுக்கச் சொல்கிறான். மீன்கள் தண்டில் மூக்கைச் செருகிக்கொண்டு மாட்டிக்கொள்கின்றன. இத்தனை புத்தியுள்ள பையன் வளர்ந்தால் ஆபத்து என்று பெரியவர்கள் ஓத, அவனையும் கொல்கிறார்கள். அந்தப் பழி நாட்டின்மேல் நின்றது என்கிறது நூல். பிறகு மஜாபாகித் படை வந்து நகரம் விழுகிறது. புக்கிட் மேராவின் மண் ஏன் சிவப்பு என்பதற்கு இன்றும் சொல்லப்படும் கதை இதுதான்.

அந்த மீன்கள் எந்த இடத்திலும் ‘நான் சகுனம்’ என்று சொல்லவில்லை. கடற்கரையில் ஒரு நடைமுறைச் சிக்கல், அதற்கு ஒரு வாழைத்தண்டுத் தீர்வு, அந்தத் தீர்வுக்கு ஒரு கொடூரமான கூலி. மொத்தத்தையும் படித்து முடித்தபிறகு திரும்பிப் பார்த்தால்தான் மீன்கள் எதற்கு வந்தன என்று புரிகிறது.

சிங்கத்தையும் மீனையும் ஒட்டவைத்த மெர்லயன் வேறு கணக்கு. 1964இல் சுற்றுலா மேம்பாட்டுக் கழகத்துக்காக அதை வரைந்த பிரேசர் பிரன்னர், வான் கிளீஃப் மீன் காட்சியகத்தின் காப்பாளராக இருந்தவர். 1972இல் சிலை வந்தது. சின்னமாக அது அருமையாக வேலை செய்கிறது, தண்ணீரும் துப்புகிறது. ஆனால் அதற்கு நடந்தது என்று ஒன்றும் இல்லை. பதிப்பகத்துக்கு வரும் பல முதல் அத்தியாயங்களில் இருப்பது இப்படிப்பட்ட மெர்லயன்தான்.

மாதரியின் பால்குடம்

தமிழில் இந்த வித்தையை இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் கற்றுக்கொடுத்த அளவுக்கு வேறு யாரும் கற்றுக்கொடுத்ததாகத் தெரியவில்லை. சிலம்பு விற்கக் கிளம்பும் கோவலனுக்கு எதிரே இமில் உயர்ந்த காளை ஒன்று பாய்கிறது. ஆயர்களுக்கு அது கெட்ட சகுனம். கோவலன் வணிகர் குலம்; அவனுக்கு அது தெரியாது. அவன் பாட்டுக்கு நடந்து போகிறான். வாசகருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியவில்லை. அவன் மடையன் என்பதால் அல்ல, அவன் தொழில் வேறு என்பதால். மாடு அறிந்தவர்களின் ஊரில் மாடு அறியாதவன் மாட்டிக்கொள்கிறான்.

அடுத்து ஆய்ச்சியர் குரவை. குடத்துப் பால் உறையவில்லை. எருதின் கண்ணில் நீர் வடிகிறது. உறியில் இருக்கும் வெண்ணெய் உருகவில்லை. ஆட்டுக்குட்டி துள்ளவில்லை. பசுவின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. ஆய்ச்சி மாதரி தன் மகள் ஐயையிடம் இவற்றைச் சொல்லி, ஏதோ வரப்போகிறது என்கிறாள். கவனியுங்கள்: இவற்றில் பெரும்பகுதி அன்றைய வேலையில் வந்த இடைஞ்சல். தயிர் உறையாவிட்டால் விற்க மோரில்லை; வெண்ணெய் உருகாவிட்டால் நெய்யில்லை. ஆய்ச்சிக்கு வரும் சகுனம் ஆய்ச்சியின் பண்டம் பாத்திரம் வழியாக வருகிறது. இன்னொன்று: இந்தக் காதைக்கு முந்திய காதையிலேயே கோவலன் வெட்டுப்பட்டுவிட்டான். மாதரிக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். குரவை ஆடினால் தீங்கு விலகும் என்று அவர்கள் ஆடும்போது நமக்கு வயிற்றைப் பிசைகிறது.

மிகுபுனைவில் இன்று எல்லாரும் காட்டும் உதாரணம் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’. 1996இல் வந்த நாவல். முன்னுரைப் பகுதி முடிந்த உடனே, பனியில் செத்துக் கிடக்கும் பெரிய ஓநாய், தொண்டையில் முறிந்த மான்கொம்பு, பக்கத்தில் குட்டிகள். ஓநாய் ஸ்டார்க் குடும்பத்தின் இலச்சினை, மான் அரசனுடையது. இதைக் கண்டு மெய்மறப்பவர்கள் கவனிக்க மறப்பது, காட்சியின் நடுவில் இருப்பது ஒரு வாக்குவாதம் என்பதை. குட்டிகளைக் கொன்றுவிடலாமா, வளர்க்கலாமா? ஐந்து குட்டிகள், உங்களுக்கும் ஐந்து பிள்ளைகள் என்று தந்தையிடம் வாதாடி அவற்றைக் காப்பாற்றுகிறான், திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் ஜான். அந்தக் கணக்கில் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிறகு ஆறாவதாக வெள்ளைக் குட்டி ஒன்று கிடைக்கிறது. சகுனத்தை ஒரு பாத்திரம் வாதமாகப் பயன்படுத்துவதால், அந்தப் பையனின் குணமும் குடும்பத்தில் அவன் இடமும் ஒரே காட்சியில் தெரிந்துவிடுகின்றன. மான்கொம்போ சத்தம் போடாமல் பின்னால் கிடக்கிறது.

துண்டுக்கு அடியில்

கொஞ்சம் செய்து பார்க்கலாம். இடம் 19ஆம் நூற்றாண்டின் கண்டாங் கெர்பாவ். இன்று தேக்கா சந்தை, பஃபலோ ரோடு, பெலிலியோஸ் ரோடு இருக்கும் பக்கம். ரோச்சோர் ஆற்றங்கரையின் புல்லும் தண்ணீரும் மாட்டுக்குத் தோதாக இருந்ததால் கொட்டடிகள் வந்தன, வியாபாரம் வந்தது, கூடவே நம் ஆட்களும் வந்தார்கள். நகரத்தின் சரக்கையும் குடிநீரையும் மாட்டு வண்டி இழுத்த காலம். பொங்கல் சமயத்தில் அந்தப் பக்கம் மாடுகளைக் கட்டி வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்களே, அந்தத் தெருக்களின் பழைய பிழைப்பு அதுதான்.

வழக்கமான வரைவு இப்படி வரும்:

‘சதுப்பின்மேல் காகங்கள் வட்டமிட்டன. கந்தசாமியின் நெஞ்சில் இனம் புரியாத அச்சம் படர்ந்தது. ஏதோ ஒரு தீமை நெருங்கிக்கொண்டிருந்தது.’

மாற்றி எழுதிய வரைவு:

‘தரகர் துண்டை விரித்தார். கந்தசாமி அதற்குள் கையை விட்டு இரண்டு விரலைப் பிடித்தான். தரகர் அதை உதறிவிட்டு மூன்றாகப் பிடித்தார். “சுழியெல்லாம் பாத்துக்க தம்பி. ஒண்ணும் தப்பு இல்ல.” கந்தசாமி மாட்டைச் சுற்றி வந்தான். நன்றாகக் குளிப்பாட்டிய மாடு. முதுகில் ஓரிடத்தில் மட்டும் சாணி அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டப் போனான். “சரி, ரெண்டுக்கே ஓட்டிட்டுப் போ” என்றார் தரகர்.’

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதும், வாங்குமுன் சுழி பார்ப்பதும் நம் ஆட்களின் வழக்கம். பாடைச்சுழி இருந்தால் வீட்டில் சாவு விழும் என்று ஒதுக்குவார்கள். இரண்டாவது வரைவில் அந்தப் பெயரை நான் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. மாடு ஒரு பேரத்தின் சரக்கு. அதுதான் அதன் வேலை. ஒளித்து வைத்த சுழி விலையைக் குறைத்தது. அது காட்சியில் நடந்த மாற்றம். கந்தசாமி லாபம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓட்டிப்போகிறான். அது தப்பான புரிதல். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அந்தச் சுழியின் அச்சு வேறு எதன்மேலாவது தெரியட்டும்: சதுப்புக்குள் புதைந்த கல்லில், ஒரு மனிதனின் முதுகில், அரசமுத்திரையில். அங்கேதான் உங்கள் மாய உலகம் திறக்கிறது.

இப்படி எழுத ஒரே வழி, முடிவை எழுதிவிட்டுத் தொடக்கத்துக்குத் திரும்பி வருவது. முதல் வரைவில் விலங்கு வந்தால் வரட்டும். ஆனால் கடைசி அத்தியாயம் கைக்கு வந்தபிறகு முதல் அத்தியாயத்தை மறுபடி எழுதாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

எந்த விலங்கு?

ஓநாயை இங்கு காட்டில் யாரும் பார்த்ததில்லை. சிங்கம் மண்டாய் விலங்குத் தோட்டத்தில்தான். புலி ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. காட்டுப் புலிகளில் கடைசி 1930இல் சுவா சூ காங் பக்கம் சுடப்பட்டது. இன்று தெருவில் எதிர்ப்படுகிறவை வேறு: கால்வாய் ஓரத்து உடும்பு, அடுக்குமாடிச் சன்னலில் வந்து உட்காரும் இருவாட்சி, விடியுமுன் கத்தித் தூக்கத்தைக் கெடுக்கும் குயில், சுங்கை பூலோவின் முதலை. எல்லாவற்றுக்கும் மேலே நீர்நாய். காணாமற்போய் 1990களின் இறுதியில் திரும்பி வந்து, இப்போது பீஷான் குடும்பம், மரினா குடும்பம் என்று மக்கள் பெயர் வைத்து அவற்றின் சண்டையைத் தொடர்ந்து பார்க்கிறார்கள்.

நீர்நாய் சங்கப் பாட்டின் மருதத்திணை விலங்கு என்பது நம் எழுத்தாளர்களுக்கு இருக்கும் பெரிய சொத்து. குறுந்தொகையில் நீர்நாய் வாளைமீனை அன்றாட இரையாகப் பிடிக்கும் ஊர் என்று தலைவனின் ஊரைச் சொல்வார்கள். சொல்வது ஊரைப் பற்றி. கேட்பவருக்குப் புரிவது அவன் நடத்தையைப் பற்றி. கருப்பொருளை வைத்துப் பேசாததைப் பேசும் இந்த உள்ளுறை முறையைத் தொல்காப்பியம் இலக்கணமாகவே வகுத்திருக்கிறது. காலாங் ஆற்றில் மீனைத் தலையிலிருந்து கடித்துத் தின்னும் நீர்நாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருவருக்கு, மேலைநாட்டு டிராகனைக் கடன் வாங்கவேண்டிய அவசியம் என்ன?

ஒரு எச்சரிக்கை. இந்த ஊரில் சகுனம் இனத்துக்கு இனம் மாறும். நமக்குக் காகம் கரைந்தால் விருந்தாளி, சோறு வைத்தால் முன்னோர். சீனர் வீட்டில் காகத்தை யாரும் வரவேற்பதில்லை. ஆனால் துக்க வீட்டுக்குள் வரும் அந்துப்பூச்சியை இறந்தவரே வந்திருக்கிறார் என்று அடிக்காமல் விடுவார்கள். பல்லி சொன்ன பலன் நமக்கு மட்டும் புரியும். உங்கள் கதை மொழிபெயர்க்கப்பட்டால், நான்கு மொழிக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் வாசிக்கப்பட்டால், பழக்கத்தை மட்டும் நம்பிய சகுனம் செத்துப்போகும். சாணி அப்பிய சுழி சாகாது. எதையோ மறைக்கிறான் என்பது எல்லாருக்கும் புரியும்.

மேசையில் செய்யவேண்டியது

ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். விலங்கு வரும் பக்கம். அந்தக் காட்சியில் அது செய்யும் வேலை. பின்னால் அது என்னவாகிறது. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் விலங்கை எடுத்துவிடலாம். இரண்டாவது காலியாக இருந்தால் காட்சியை மறுபடி எழுதவேண்டும். நாடகம் எழுதும் குழுவில் இந்தத் தாள் உயிர் காக்கும்: நடிகர் விலகுவார், பாகங்கள் குறையும், விதைத்தது எது, அறுக்காமல் விட்டது எது என்று கேட்கும்போது பதில் உங்கள் கையில் இருக்கும். விளையாட்டு நிறுவனங்களில் இது இன்னும் முக்கியம். ஆடுபவர் எந்தக் காட்சிக்கு முதலில் போவார் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒரே அறிகுறியை இரண்டு மூன்று வழிகளில் வைக்கவேண்டியிருக்கும்.

பதிப்பகத்துக்கு முதல் சில அத்தியாயங்களோடு ஒரு பக்கக் கதைச்சுருக்கம் அனுப்புவீர்கள். அதில் முடிவை ஒளிக்காதீர்கள். ஆசிரியரிடம் மர்மம் காப்பது வீண். விலங்கைப் பற்றி அதில் ஒரே ஒருமுறை எழுதுங்கள். ‘குறியீடு’ என்ற சொல்லையே பயன்படுத்தாதீர்கள்.

அனுப்புமுன், கதை தெரியாத ஒருவரிடம் முதல் அத்தியாயத்தை மட்டும் கொடுத்து, மறுநாள் என்ன நினைவிருக்கிறது என்று கேளுங்கள். ‘அந்தத் தரகர் ஏன் சட்டென்று விலையைக் குறைத்தார்?’ என்று கேட்டால் சரி. ‘ஏதோ கெட்டது நடக்கப்போகுது, அதானே?’ என்றால் குறையுங்கள். மாடே நினைவில்லை என்றால் இன்னொரு முறை எழுதுங்கள்.

பணத்தைப் பற்றி ஒளிவில்லாமல் சொல்வதென்றால், இங்கு தமிழில் மிகுபுனைவு எழுதி வாடகை கட்ட முடியாது. பகல் வேலையை விடாதீர்கள். தேசிய கலைகள் மன்றத்தின் மானியங்கள் இருக்கின்றன, விதிகளை அதன் இணையத்தளத்தில் அவ்வப்போது பாருங்கள். வெளிவந்த நூலுக்கு 1992இல் தொடங்கிய சிங்கப்பூர் இலக்கியப் பரிசு. சிறுகதைக்கும் கவிதைக்கும் 1993இல் தொடங்கிய தங்கமுனை விருது. நாவலின் முதல் அத்தியாயத்தை வெட்டிச் சிறுகதையாக அந்தப் போட்டிக்கு அனுப்பும் ஆசை பலருக்கு உண்டு. வேண்டாம். சிறுகதை விதைத்ததைத் தனக்குள்ளேயே அறுத்தாகவேண்டும். நாவல் தொடக்கத்துக்கு அந்தக் கடமை இல்லை. அதே மாட்டை வைத்து வேறு கதை எழுதி அனுப்புங்கள்.

செஜாரா மெலாயுவின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகக் கட்டடத்தின் லீ கொங் சியான் நூலகத்தில் இருக்கின்றன. வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை போய், தோடாக் மீன் வரும் பகுதியிலிருந்து தொடங்குங்கள். குறிப்பெடுக்க நோட்டுப் புத்தகம் கொண்டுபோக மறக்காதீர்கள்.